தோட்டத்துப் பக்கம் வளர்ந்த மருத்துவர் புரோட்டான் சிகிச்சையில் பெல்லோஷிப் செய்வது பயன்படுமா?

கேட்டவர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த இளம் மருத்துவர். ஹவுஸ்மன்ஷிப் என்ற பயிற்சி மருத்துவர் காலத்தை முடித்து, புற்றுநோய்ப் பிரிவில் மெடிக்கல் ஆபிசராக இருக்கிறார். புரோட்டான் துகள்களால் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தரும் இயந்திரமே பேராக்கில் இல்லாதபோது, பெல்லோஷிப் என்ற சிறப்புப் பயிற்சிக்காக வெளிநாடு போய்ப் படிப்பது வீண் செலவா என்று கேட்டிருக்கிறார்.

எனக்கும் அதே ஊர்தான், தங்கச்சி. அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டியவர்கள். கிளினிக்கல் ஆன்காலஜி என்ற புற்றுநோய் மருத்துவ மேற்படிப்பை முடித்த பிறகு வெளிநாட்டில் ஓராண்டு புரோட்டான் பயிற்சி பெற்றுத் திரும்பினேன். வீண் செலவு இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் இப்போதே போகாதீர்கள்.

நான் ஊருக்கு வந்திருப்பது தெரிந்தால் யாராவது ரிப்போர்ட்டுகளைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். "மாமாவைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போகலாமா? சிங்கப்பூர்லயும் இருக்காமே? வீட்டை வித்தாவது பார்த்துடலாம்மா" என்கிறார்கள். போக இடங்கள் இருக்கின்றன. சென்னை தரமணியில் அப்போலோ மையம் 2019இல் திறந்தது, பாங்காக்கில் சுலாலங்கோர்ன் மருத்துவமனையில் 2021 முதல், சிங்கப்பூரில் 2023 முதல் சிகிச்சை நடக்கிறது. போவது அவசியம்தானா என்று படித்துப் பார்த்துச் சொல்லும் ஆள்தான் நம் பக்கம் குறைவு.

அந்த மாமாவுக்குப் பரவாத புராஸ்டேட் புற்றுநோய் என்றால் வீட்டை விற்காதீர்கள் என்று தயங்காமல் சொல்வேன். புரோட்டானையும் நவீன எக்ஸ்ரே கதிர் முறையையும் 450 ஆண்களிடம் ஒப்பிட்ட பார்ட்டிகால் ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. குடல் தொந்தரவிலும் சரி, நோயைக் கட்டுப்படுத்துவதிலும் சரி, குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியோடு ஒரு சின்னப் பிள்ளை வந்தால் கதையே வேறு. மூளைக்கும் தண்டுவடம் முழுவதற்கும் கதிர் தர வேண்டும். எக்ஸ்ரே கதிர் முதுகில் நுழைந்து இதயம், குடல் எல்லாவற்றையும் தொட்டு முன்பக்கமாக வெளியேறும். புரோட்டான் முதுகெலும்போடு நின்றுவிடும். இனி எத்தனையோ வருஷம் வாழ வேண்டிய பிள்ளை அது. அதற்காக எந்த அலுவலகத்தின் வாசலிலும் போய் நிற்பேன்.

பெல்லோஷிப்பில் முக்கியமாகக் கற்பது, அந்தக் கதிர் எங்கே நிற்கும் என்று கணிப்பதைத்தான். வேகம் குறையக் குறைய புரோட்டான் அதிக ஆற்றலைக் கொட்டி, கடைசியில் ஓரிடத்தில் மொத்தமாக இறக்கிவிட்டு நின்றுவிடும். இதற்குப் பிராக் உச்சம் என்று பெயர். அதன் பலமும் இதுதான், ஆபத்தும் இதுதான். சிடி ஸ்கேன் படத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறோம். அந்தக் கணக்கில் 3.5 சதவிகிதம் வரை பிசகலாம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 20 சென்டிமீட்டர் ஆழத்தில் அது 7 மில்லிமீட்டர். மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் சில மில்லிமீட்டர் பிசகினாலே என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் முக்கிய உறுப்புக்கு நேர் முன்னால் கதிர் நிற்கும்படி திட்டம் போட மாட்டோம், வேறு கோணம் தேடுவோம். மூக்குத்தொண்டைப் புற்றுநோயில் சிகிச்சை நடுவில் நோயாளி இளைத்துவிடுவார், சைனஸில் சளி நிறையும் அல்லது வடியும். போன வாரம் சரியாக இருந்த திட்டம் இந்த வாரம் தப்பாகிவிடும். எப்போது மறுபடி ஸ்கேன் எடுப்பது, எப்போது திட்டத்தை மாற்றுவது என்ற கண் புத்தகம் படித்து வராது. கதிர் அளவைக் கணக்கிடும் இயற்பியலாளர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

சரி, ஏன் இப்போதே வேண்டாம் என்கிறேன்? சாதாரணக் கதிர்வீச்சில் ஸ்கேன் படத்தின் மேல் கட்டியின் எல்லையை வரையும் கை உறுதியாக இல்லாதவருக்குப் புரோட்டான் உதவாது. முதலில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு கிளினிக்கல் ஆன்காலஜி மாஸ்டர்ஸ் அல்லது எஃப்ஆர்சிஆர் என்ற பிரிட்டனின் சிறப்பு மருத்துவத் தகுதி, இரண்டில் ஒன்றை முடியுங்கள். பிரிட்டன் போகும் எண்ணம் இருந்தால் எஃப்ஆர்சிஆர் அங்கே பதிவு வாங்கவும் உதவும். அங்கே அரசு மருத்துவச் சேவையில் இரண்டு புரோட்டான் மையங்கள். மான்செஸ்டரில் கிறிஸ்டி மருத்துவமனையில் 2018இலும் லண்டனில் யுசிஎல்எச் மருத்துவமனையில் 2021இலும் தொடங்கின. அமெரிக்காவில் நோயாளியை நேரடியாகப் பார்க்க அந்த நாட்டு உரிமம் தேவை. அது இல்லாமல் போனால் ஓரமாக நின்று பார்ப்பதோடு சரி. அதற்கு ஒரு வருஷத்தைக் கொடுக்காதீர்கள், சில வாரங்கள் போதும்.

பணத்துக்கு, சுகாதார அமைச்சில் இருப்பதால் ஹாடியா லத்திஹான் பெர்செகுத்துவான் என்ற மத்திய அரசின் பயிற்சி உதவித்தொகைக்கு மனுச் செய்யுங்கள். திரும்பி வந்து அரசாங்கத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் வரும். நம் ஜனங்கள் பெரும்பாலும் அரசாங்க மருத்துவமனைக்குத்தான் வருகிறார்கள் என்பதால் அது எனக்குச் சுமையாகத் தெரியவில்லை.

எந்த மையத்துக்கு எழுதினாலும் மூன்று விஷயங்களை நேராகக் கேளுங்கள்: கட்டியின் எல்லையை நானே வரைந்து திருத்தம் வாங்க முடியுமா, யாருக்குப் புரோட்டான் என்று முடிவெடுக்கும் வாராந்தரக் கூட்டத்தில் எனக்கு இடம் உண்டா, பிள்ளைகளுக்கு அங்கே சிகிச்சை நடக்கிறதா. புராஸ்டேட் நோயாளிகள்தான் பெரும்பாலும் என்று பதில் வந்தால் அடுத்த மையத்துக்கு எழுதுங்கள்.