நன்றி நோட்டில் கதை இருக்கிறதா?

கேள்வி: எட்டு மாதமாக நன்றி நோட்டு எழுதுகிறேன், எதற்கெல்லாம் நன்றி என்று தினமும் மூன்று வரி. எழுத விஷயம் கிடைக்காதவர்களுக்கு இது நல்ல ஊற்று என்று சொன்னார்கள். ஆனால் புரட்டிப் பார்த்தால் குடும்பம், ஆரோக்கியம், வேலை, மறுபடியும் குடும்பம். இதில் கதை எங்கே இருக்கிறது?

பதில்: அவை மூன்றும் வெறும் தலைப்புகள். அடியில் என்ன நடந்தது என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். 'ஆரோக்கியத்துக்கு நன்றி' என்று எழுதிய அன்று ஒருவேளை காய்ச்சல் விட்டு முதல்முறையாகத் தனியாக மாடிப்படி ஏறியிருப்பீர்கள், பாதியில் மூச்சு வாங்கி நின்றிருப்பீர்கள், மேலே இருந்து அதைப் பார்த்த ஒருவர் உங்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே என்று பார்க்காத மாதிரி உள்ளே போயிருப்பார். அந்த ஆளை எழுதுங்கள்.

ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் 2-ஆம் நூற்றாண்டில் தனக்காக எழுதிவைத்த குறிப்புகளில் முதல் பகுதி முழுக்க நன்றிதான். தாத்தாவில் தொடங்கி, யாரிடமிருந்து எது கிடைத்தது என்று ஆள் ஆளாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அவருடைய ஆசிரியர் ருஸ்டிகஸ், தத்துவ ஞானி எபிக்டெடஸின் உரைகளைத் தன் சொந்தப் பிரதியிலிருந்தே எடுத்துக் கொடுத்ததைக்கூட விடவில்லை. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு புத்தகம் கைமாறுவது கண்ணில் தெரிகிறது.

என் நோட்டில் ஒரு வரி உண்டு: 'பக்கத்து வீட்டுக்காரர் ஏணியைத் திருப்பிக் கேட்கவேயில்லை.' எழுதியபோது சந்தோஷம். சில மாதம் கழித்துப் படித்தபோது அவர் வீடு மாறிப் போயிருந்தார், ஏணி என்னிடமே நின்றது. அவர் மறந்துவிட்டாரா, கேட்கக் கூச்சப்பட்டாரா, நானாவது ஏன் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை? இந்தக் கேள்விகளில்தான் கதை கிடைத்தது. நன்றிக்குப் பக்கத்தில் இப்படி ஏதாவது ஒரு உறுத்தல் ஒட்டிக்கொண்டிருக்கும், நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று அதைத் துடைத்துவிடாதீர்கள்.

அப்புறம், நடந்த நல்லதைக் கழித்துப் பாருங்கள். 2008-ல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், வாழ்க்கையில் நடந்த ஒரு நல்ல விஷயம் நடக்காமலே போயிருக்க எப்படியெல்லாம் வாய்ப்பிருந்தது என்று எழுதியவர்களின் மனநிலை, அது எப்படி நடந்தது என்று எழுதியவர்களைவிட நன்றாக இருந்தது. எழுதுகிறவருக்கோ இதில் இன்னொரு லாபம்: யாரோ ஒருவர் அன்று கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் என்று கேட்டவுடனேயே கதை நகர ஆரம்பித்துவிடும்.

கேள்வி: தினமும் எழுதியே ஆக வேண்டுமா? சில நாள் எதுவும் தோன்றாமல் பொய்யாக எழுதுகிறேன்.

பதில்: வேண்டாம். உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வின் முதல் சோதனையில் வாரத்துக்கு ஒரு முறைதான் எழுதச் சொன்னார்கள், அதிகபட்சம் ஐந்து விஷயம், மொத்தம் பத்து வாரம். தொல்லைகளைப் பட்டியல் போட்டவர்களைவிட நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையை நல்லவிதமாகப் பார்த்தார்கள். பொய் வரியை நீங்களே பிறகு நம்ப மாட்டீர்கள், அதிலிருந்து எதுவும் முளைக்காது. வறண்ட நாளில் யார் மேல் கோபம் என்று எழுதிவிட்டு மூடுங்கள், அதுவும் சரக்குதான்.

தேதி போடுங்கள். வலது பக்கத்தில் மட்டும் எழுதி, இடது பக்கத்தைக் காலியாக விடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் படிக்கும்போது தோன்றுவதை எழுத அந்த இடம் வேண்டியிருக்கும்.