பஸ் வெளிச்சத்தின் வால்

தம்பி, உங்கள் கேள்வி ஏற்காட்டில் இருக்கும்போதுதான் கண்ணில் பட்டது. ஸ்வீடனிலிருந்து லீவில் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். நீங்கள் சேலம் அம்மாப்பேட்டைக்காரர் என்றதும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு, வேலை தேடும் அனுமதியில் ஸ்வீடனின் மால்மோவில் அறை எடுத்திருக்கிறீர்கள். நாற்பது விண்ணப்பத்துக்கு இரண்டே பதில். "எல்லா கேம் ஸ்டுடியோவும் சொந்த என்ஜினை விட்டு எபிக் கம்பெனியின் அன்ரியலுக்குப் போய்விட்டால் கிராஃபிக்ஸ் புரோகிராமரை யார் அண்ணா எடுப்பார்கள், ஊருக்கே திரும்பிவிடட்டுமா?" என்கிறீர்கள்.

பயம் வீண் இல்லை. 2022இல் சிடி புராஜெக்ட் ரெட் என்ற பெரிய ஸ்டுடியோ தன் சொந்த என்ஜினை, அதாவது விளையாட்டை ஓட்டும் அடிப்படை மென்பொருளை, விட்டுவிட்டு அன்ரியல் 5க்கு மாறுவதாக அறிவித்தது. 2024இல் ஹேலோ விளையாட்டைச் செய்யும் ஸ்டுடியோவும் அதே வழியில் போனது. என்ஜின் விற்பவர்கள் நிலைமையும் சுகமில்லை. எபிக் 2023இல் சுமார் 830 பேரை வேலையை விட்டு அனுப்பியது; யூனிட்டி 2024 தொடக்கத்தில் ஊழியர்களில் கால்வாசிப் பேரைக் குறைப்பதாகச் சொன்னது. பத்து வருஷ அனுபவம் உள்ளவரும் நீங்கள் போடும் அதே இடத்துக்கு விண்ணப்பம் போடுகிறார். இதை மறைத்து உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை.

எனக்கும் இது நடந்தது, ஒன்பது வருஷத்துக்கு முன். நான் சேர்ந்த ஸ்டுடியோவுக்குச் சொந்த என்ஜின். திரையில் படத்தை வரையும் ரெண்டரிங் குழுவில் எட்டுப் பேர். ஒரு நாள் காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்துக் கூட்டம் போட்டார்கள். ஸ்வீடனில் கெட்ட செய்திக்கும் ரொட்டி உண்டு. என்ஜினை நிறுத்துகிறோம், ஐந்து பேர் தேவையில்லை என்றார்கள். கடைசியாகச் சேர்ந்தவன் முதலில் போக வேண்டும் என்பது ஸ்வீடன் சட்டம். கடைசியாகச் சேர்ந்தவன் நான்தான். முதல் இரண்டு வருஷம் வேலை அனுமதி அந்த முதலாளியோடு கட்டிப்போட்டது. வேலை போனால் வேறு வேலை தேட மூன்று மாதம். அம்மாவிடம் சொல்லவே இல்லை.

அந்த மூன்று மாதத்தில் போன ஒரு நேர்முகத்தில், நான் எழுதிய என்ஜின் பகுதியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு ஃபிரேம், அதாவது ஒரு நிலைப்படம், எப்படி வரையப்பட்டது என்று காட்டும் ரெண்டர்டாக் கருவியின் பதிவைத் திரையில் திறந்துவைத்து, "இந்த மூன்று மில்லி விநாடி எங்கே போகிறது, கண்டுபிடி" என்றார்கள். பிக்சல்களின் நிறத்தைக் கணக்கிட அவர்கள் எழுதிய ஷேடர், எனக்குப் பழக்கமே இல்லாத நிரல். கால் மணி நேரம் திணறி, தேவையில்லாமல் முழு அளவில் ஓடிய ஒரு பாஸை, வரையும் படிகளில் ஒன்றை, காட்டினேன். வேலை கிடைத்தது.

சரி, கேள்வியோடு நீங்கள் வைத்த டெமோ வீடியோவுக்கு வருகிறேன். ஏற்காட்டு மலைப்பாதை, மூடுபனி, இறங்கி வரும் பஸ். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடிகூட ஏற்றியிருக்கிறீர்கள், அருமை. ஆனால் அந்தப் பனி அன்ரியலில் எல்லோருக்கும் கிடைக்கும் பனி. காலையில் அக்கா வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தேன். பனி ஒரே சீராக நிற்பதில்லை, பள்ளத்திலிருந்து ஏறி, கிழிந்து கிழிந்து ரோட்டைக் கடக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும் இடத்தை நிறுத்திப் பாருங்கள். ஹெட்லைட் முன்னால் போய்விட்டது, பனியில் அதன் வெளிச்சம் மட்டும் வால் மாதிரி பின்னால் இழுபடுகிறது. முந்தைய ஃபிரேம்களின் கணக்கை இந்த ஃபிரேமோடு கலப்பதால் வரும் கோளாறு அது. நீங்களும் கவனித்திருப்பீர்கள், அதனால்தான் அந்த இடத்தில் கேமராவைச் சட்டென்று மாற்றியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மாற்றாதீர்கள். அதையே காட்டுங்கள். எபிக் கணக்கைக் கிட்ஹப் தளத்தோடு இணைத்தால் அன்ரியலின் மூல நிரல் முழுக்கக் கிடைக்கும். பழைய ஃபிரேமின் பங்கைச் சொல்லும் ஒரு எண்ணைக் குறைத்தாலே வால் கொஞ்சம் சுருங்கும். அதோடு நிற்காமல், என்ஜின் பனியைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்களில், வெளிச்சம் வேகமாக மாறுபவற்றில் மட்டும் அந்தப் பங்கைக் குறையுங்கள். வால் போகும், பதிலுக்குப் பனியில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அதை எப்படிச் சமாளித்தீர்கள், விநாடிக்கு அறுபது ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் 16.6 மில்லி விநாடியில் பனிக்கு முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு பக்கம் எழுதி, முன்னும் பின்னுமாக வீடியோ வையுங்கள். அன்ரியலுக்கு மாறிய ஸ்டுடியோக்களுக்கு இன்று வேண்டியது, அடுத்தவர் எழுதிய பெரிய என்ஜினுக்குள் பயமில்லாமல் கை வைக்கும் ஆள். புதிதாக என்ஜின் எழுதத் தெரியும் என்பதை சிவியில் கீழே தள்ளிவிடுங்கள்.

சொந்த என்ஜின்கள் ஒரேயடியாகப் போய்விடவும் இல்லை. உங்கள் மால்மோவிலேயே ஸ்னோடிராப், ஸ்டாக்ஹோமில் ஃப்ரோஸ்ட்பைட், பாலம் தாண்டினால் கோபன்ஹேகனில் கிளேசியர். டென்மார்க்குக்குத் தனி வேலை அனுமதி வேண்டும், ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள்தானே என்று ஏமாந்துவிடாதீர்கள். சிப் கம்பெனிகளையும் பாருங்கள்: சிப்பை இயக்கும் டிரைவர், நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் புரொஃபைலர் கருவிகள் எழுதும் வேலை. நான் இப்போது அப்படி ஒரு கம்பெனியில்தான் இருக்கிறேன். விளையாட்டின் பெயர்ப் பட்டியலில் என் பெயர் வராது, அது ஒரு குறைதான். என்விடியா, ஏஎம்டி, குவால்காம் மூன்றுக்கும் பெங்களூரில் அலுவலகம் உண்டு. திரும்ப வேண்டி வந்தால் சேலத்திலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம். அங்கேயும் இப்போதே விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

வேலை கிடைத்ததும் முதல் மாதமே வேலையிழப்புக் காப்பீட்டு நிதியில் சேருங்கள். தானாகச் சேர்க்கமாட்டார்கள். நான் சேராமல் பட்டது போதும்.

அப்புறம், இன்னும் பத்து நாள் இங்கே இருப்பேன். இறங்கும்போது வளைவுகளில் பஸ் ஹெட்லைட்டைப் போனில் எடுத்து அனுப்புகிறேன், டெமோவுக்கு உதவும். வீட்டில் தட்டுவடை, முறுக்கு ஏதாவது கொடுத்தனுப்புவதென்றால் இரண்டு கிலோவுக்குள் இருக்கட்டும். மீதி இடத்தை அக்கா காபிப்பொடிக்குப் பிடித்துவைத்துவிட்டாள்.