சிக்னலில் எஞ்சின் நிற்கட்டும், உள்ளே குளிர வேண்டாம்: குளிர்காலக் கேள்வி பதில்

ஒன்டாரியோவில் 20 வருடமாகக் கார் பழுது பார்க்கிறேன். நவம்பர் பிறந்தாலே ஒரே விஷயத்தைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். சிவப்பு விளக்கில் நின்றதும் எஞ்சின் தானாக அணைந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் திரும்பக் கிளம்புகிறதே, அந்த ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியைக் குளிர்காலத்தில் என்ன செய்வது? பெட்ரோலும் மிச்சமாக வேண்டும், உள்ளே இருப்பவர்களும் நடுங்கக் கூடாது. கேட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மிசிசாகாவிலிருந்து: அண்ணா, இதனால் உண்மையிலேயே எவ்வளவு மிச்சமாகும்? குளிர்காலம் முழுக்க அணைத்தே வைத்துவிடலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சூடேறிய 1.5 லிட்டர் எஞ்சின் சும்மா நின்று ஓடினால் மணிக்கு 0.6 முதல் 0.8 லிட்டர் வரை குடிக்கும். வேலைக்குப் போகும் வழியில் சிக்னல்களில் மொத்தம் 10 நிமிடம் நிற்கிறீர்கள் என்றால் 100 முதல் 130 மில்லி மிச்சம். லிட்டர் ஒன்றரை டாலர் என்று வைத்தால் 20 சென்ட்டுக்குள். ஒரு நாளைக்கு இது சின்னத் தொகைதான். ஆனால் ஒரு நகரத்தில் அத்தனை கார்களும் நிற்கிற இடத்தில் புகை விடாமல் இருந்தால் நடைபாதையில் போகிறவர்களுக்கு நல்லது. அதனால் எனக்கு இந்த வசதி பிடிக்கும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனிகள் சொல்லும் சேமிப்பு வேறு, ஜனவரியில் நம் கைக்கு வரும் சேமிப்பு வேறு. ஐரோப்பாவின் பழைய மைலேஜ் சோதனையான என்இடிசியில் மொத்தம் 1180 நொடி; அதில் ஏறக்குறைய 280 நொடி வண்டி நின்றபடியே இருக்கும். சோதனைக் கூடத்தின் சூடு 20 முதல் 30 டிகிரி, ஹீட்டர் போடுவதில்லை. அந்தச் சோதனையில் ஸ்டார்ட்-ஸ்டாப் ஜொலிக்காமல் என்ன செய்யும்? பின்னால் வந்த டபிள்யூஎல்டிபி சோதனையில் நிற்கும் நேரம் 13 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

குளிர்காலம் முழுக்க அணைத்து வைக்க வேண்டியதில்லை. கிளம்பிய முதல் 10, 15 நிமிடம் எஞ்சின் சூடேறும் வரை வண்டியே பெரும்பாலும் அதை நிறுத்தி வைத்திருக்கும். அப்புறம் ஒரு நிமிட சிக்னலில் நின்றால் உள்ளே இருக்கும் சூடு போய்விடாது. போக்குவரத்து நெரிசலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரடி நகரும் நிலை வந்தால் பட்டனை அழுத்தி அணையுங்கள், அதில் தப்பே இல்லை.

பிராம்ப்டனிலிருந்து: காலையில் ரிமோட்டில் ஸ்டார்ட் செய்து 15 நிமிடம் ஓடவிட்டுத்தான் ஏறுவேன். சிக்னலில் மிச்சம் பிடிப்பது எல்லாம் அங்கேயே போய்விடுகிறது என்று மனைவி சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

முழுக்கச் சரி. கனடாவின் இயற்கை வளத் துறை சொல்லும் கணக்கு இது: 3 லிட்டர் எஞ்சின் 10 நிமிடம் நின்று ஓடினால் 300 மில்லி வீண். நீங்கள் வாசலில் 15 நிமிடத்தில் எரிப்பதை சிக்னல்களில் திரும்பப் பிடிக்க ஒரு வாரம்கூட ஆகலாம்.

இதைவிட வருத்தமான விஷயம், அப்படி எரித்தும் சரியான சூடு வருவதில்லை. ஹீட்டருக்குத் தனி அடுப்பு கிடையாது. எஞ்சின் வீணாக்கும் சூட்டைத்தான் கூலண்ட் தண்ணீர் சுமந்து வந்து, டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டரில் விடுகிறது. மணிக்கு 0.8 லிட்டர் எரியும்போது பெட்ரோலிலிருந்து வெளிவருவது சுமார் 7 கிலோவாட். அதில் கூலண்டுக்கு வந்து சேர்வது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோவாட் சொச்சம். அந்த 2 கிலோவாட்டும் முதலில் எஞ்சினின் இரும்பையும் அலுமினியத்தையும் சூடாக்க வேண்டும், மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு. அதே வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் மணிக்கு 4 லிட்டர் எரிகிறது, ஐந்து மடங்கு. வேலை செய்கிற எஞ்சினில்தான் சூடு பிறக்கும். நின்று ஓடும் எஞ்சினிடம் சூடு கேட்பது, திரியைக் குறைத்து வைத்த அடுப்பில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்தது போல.

அதனால் நான் சொல்வது: கண்ணாடியில் உள்ள பனியை முழுக்கச் சுரண்டிவிட்டு, அரை நிமிடம் ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கிளம்புங்கள். முதல் ஐந்து நிமிடம் ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதியுங்கள். எஞ்சினைக் கரண்டில் சூடாக்கி வைக்கும் பிளாக் ஹீட்டர் இருந்தால் டைமர் போட்டு, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஓடும்படி வையுங்கள். ராத்திரி முழுக்கச் சொருகி வைப்பது கரண்ட் வீண். டொரண்டோவில் இன்னொன்றும் இருக்கிறது. மாநகரச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றபடி ஓடவிடக் கூடாது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கராஜுக்குள் வைத்து ஒரு நிமிடம்கூட ஓடவிடாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். பனி கொட்டிய காலையில் பின்னால் போய்ப் புகைக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. நீங்கள் பனி தள்ளும்போது குழந்தைகளை உள்ளே உட்கார வைத்துவிட்டுத் தள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

மார்க்கம் நகரிலிருந்து: அண்ணை, என்ரை கார் லைற்றிலை நிக்கேக்கை அரை நிமிசத்திலை காத்து குளிராகுது. சிநேகிதனின்ரை காரிலை அப்பிடி இல்லை. ஏன்?

தம்பி, சிநேகிதன் காரில் ஒரு சின்ன மின்சாரப் பம்ப் இருக்கும். வழக்கமான தண்ணீர்ப் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும், குட்டி ரேடியேட்டரில் தேங்கிய தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடும். ஸ்டார்ட்-ஸ்டாப் வைத்த பல கார்களில் அதற்காகவே துணைப் பம்ப் ஒன்று வைக்கிறார்கள். எஞ்சின் பிளாக்கில் இருக்கும் சூட்டை அது ஹீட்டருக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். சில ஜெர்மன் கார்களில் ரெஸ்ட் என்று ஒரு பட்டன் உண்டு. காரை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாலும் கொஞ்ச நேரம் சூடு வரும். அதுவும் இதே வித்தைதான்.

உங்கள் மாடலில் அந்தப் பம்ப் உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தும் குளிர்ந்தால் பம்ப் போயிருக்கலாம். எஞ்சின் ஓடும்போதே, நின்றால் குளிர்காற்று, ஓட்டினால் சூடு என்று மாறி மாறி வந்தால் கூலண்ட் குறைந்திருக்கிறது அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டியும் வெதுவெதுப்பு மட்டும்தான் என்றால், கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் எஞ்சின் முழுச் சூட்டுக்கே வராது, ஸ்டார்ட்-ஸ்டாப்பும் வேலை செய்யாது, பெட்ரோலும் கூடச் செலவாகும். தெர்மோஸ்டாட் விலை அதிகமில்லை, தள்ளிப் போடாதீர்கள்.

ஓட்டாவாவிலிருந்து: மைனஸ் 20 வந்தால் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலையே செய்வதில்லை. ஒரு பணிமனையில் புது பேட்டரி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

அவசரப்படாதீர்கள். மைனஸ் 20-இல் அது வேலை செய்யாமல் இருப்பதுதான் சரி. கூலண்ட் சூடாகவில்லை, முன்கண்ணாடிப் பனியை இளக்கும் டிஃப்ராஸ்ட் ஓடுகிறது, நீங்கள் கேட்ட சூட்டுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் தூரம் அதிகம், பேட்டரி களைத்திருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கணினி எஞ்சினை நிறுத்தாது. பயணிகளின் சூட்டுக்குத்தான் முதலிடம் என்று வண்டியைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஈய அமில பேட்டரி அந்தக் குளிரில் பாதிக்குப் பக்கம் வலு இழந்துவிடும், சார்ஜும் மெதுவாகத்தான் ஏறும். அதனால் முதலில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். மே மாதத்திலும் ஸ்டார்ட்-ஸ்டாப் வரவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். மாற்றுவதாக இருந்தால் பழையதில் இருந்த வகையையே போடுங்கள், ஸ்டார்ட்-ஸ்டாப்பைத் தாங்கும் ஏஜிஎம் வகை இருந்த இடத்தில் ஏஜிஎம். சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் செத்துவிடும். பல வண்டிகளில் புது பேட்டரி போட்டதைக் கணினிக்கும் பதிந்து சொல்ல வேண்டும்.

ஸ்கார்பரோவிலிருந்து: பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார் வாங்கினேன். வெயில் காலத்தில் அற்புதம். ஜனவரியில் சிக்னலில் நிற்கும்போதுகூட எஞ்சின் ஓடுகிறது. ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. ஹைப்ரிட் எஞ்சின் கெட்டிக்காரத்தனமாகக் குறைவாக எரிப்பதால் வீணாகும் சூடும் குறைவு. நமக்கு வேண்டியதோ அந்த வீண் சூடு. ஹீட்டர் கேட்கும்போது கூலண்ட் ஆறியிருந்தால், சூட்டுக்காகவே எஞ்சின் ஓட ஆரம்பிக்கும். அமெரிக்க அரசின் எரிபொருள் தகவலின்படி, 25 டிகிரியோடு ஒப்பிட்டால் மைனஸ் 7-இல் நகருக்குள் சாதாரணப் பெட்ரோல் கார் 15 சதவீதம்போல மைலேஜ் இழக்கும், ஹைப்ரிட் 30 முதல் 34 சதவீதம் இழக்கும்.

டொயோட்டாக்காரர்கள் இதோடு நீண்ட காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். 2004 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் விற்ற ப்ரியஸில் சூடான கூலண்டைப் பிடித்து வைக்க 3 லிட்டர் ஃபிளாஸ்க்கே வைத்திருந்தார்கள். நம் வீட்டுக் காபி ஃபிளாஸ்க் மாதிரிதான், மூன்று நாள் வரை சூடு தாங்கும். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது புகை குறையத்தான் அந்த ஏற்பாடு. 2010 மாடலில் அதை எடுத்துவிட்டு, புகைக்குழாயில் போகும் சூட்டைக் கூலண்டுக்குத் திருப்பும் கருவியை வைத்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: கிளம்பியதும் 26 டிகிரி என்று வைத்து விசிறியை உச்சத்தில் விடாதீர்கள். சீட் ஹீட்டரையும் ஸ்டீயரிங் ஹீட்டரையும் போடுங்கள். ஒரு சீட் 50 முதல் 100 வாட்தான் இழுக்கும். உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்கக் கிலோவாட் கணக்கில் வேண்டும். நெடுஞ்சாலையில் எஞ்சின் எப்படியும் ஓடும்போது ஹீட்டரைத் தாராளமாகத் திறந்து உள்ளே நன்றாகச் சூடேற்றிக்கொள்ளுங்கள். ஊருக்குள் இறங்கியதும் 20-க்குக் குறைத்துவிடுங்கள்.

ஆனால் பின் சீட்டை மறக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். நான் பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஹீட்டரையும் அடக்கும் ஈகோ மோடில் போட்டு, என் சீட் சூடாக இருக்கும் நிம்மதியில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். வீட்டில் இறங்கும்போது கையைப் பிடித்தேன், ஐஸ்கட்டி. ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின் சீட்டில் ஹீட்டர் இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து பெரியவர்கள் ஏறினால் ஈகோ மோடைத் தொடுவதில்லை, பின்னால் ஒரு கம்பளி எப்போதும் கிடக்கும். நீங்களும் கேட்டுக் கேட்டு ஓட்டுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் குளிர்கிறது என்று தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மான்ட்ரியாலிலிருந்து: நான்கு பேர் ஏறினால், எஞ்சின் நின்றதும் கண்ணாடியில் ஆவி படிந்து மங்கிவிடுகிறது.

நான்கு பேர் மூச்சிலும், காலணியில் ஒட்டி வந்த பனியிலும் இருக்கும் ஈரம் அது. உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள். ஏசியைப் போட்டால் காற்று காயும், ஆனால் உறைநிலைக்குக் கீழே கம்ப்ரசர் பெரும்பாலும் ஓடாது. தரைவிரிப்பில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். கண்ணாடி மங்கினால் உடனே டிஃப்ராஸ்ட், ஸ்டார்ட்-ஸ்டாப் அணைப்பு. முன்னால் தெரியாமல் மிச்சம் பிடிக்கிற பெட்ரோல் நமக்கு வேண்டாம்.

லாரி ஓட்டும் ஒருவர், வின்னிபெக்கிலிருந்து: இரவு கேபினில்தான் தூக்கம். எஞ்சினை அணைத்தால் உறைந்துவிடுவேன், ஓடவிட்டால் முதலாளி திட்டுகிறார்.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் உண்டு. பெரிய லாரி எஞ்சின் நின்று ஓடினால் மணிக்கு 3 லிட்டர் போல டீசல் போகும். 10 மணி நேரத் தூக்கத்துக்கு 30 லிட்டர். கேபினுக்கென்று டீசலில் எரியும் தனி ஹீட்டர் உண்டு, 2 கிலோவாட் கொடுக்கும். முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குக் கால் லிட்டரைச் சுற்றித்தான் குடிக்கும். ராத்திரி முழுக்க இரண்டரை லிட்டர். முதலாளியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், ஒரு குளிர்காலத்திலேயே எவ்வளவு மிச்சம் என்று அவருக்கே புரியும். கைதேர்ந்தவரை வைத்து மட்டும் பொருத்துங்கள். அதன் புகைக்குழாய் கேபினுக்கு வெளியே தள்ளிப் போக வேண்டும், உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். காற்றைச் சூடாக்கும் வகை எஞ்சினைச் சூடாக்காது என்பதால் காலையில் ஸ்டார்ட் ஆக பிளாக் ஹீட்டர் தனியாக வேண்டும்.

சென்னையிலிருந்து: எங்களுக்குத் தலைகீழ் பிரச்சினை சார், எஞ்சின் நின்றால் ஏசி நிற்கிறது!

அதே கதைதான், கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட் சுற்றுகிறது. பல ஹைப்ரிட்டுகளில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் குளிர் நிற்காது. சுசூகி 2012-இல் ஜப்பானில் விட்ட வேகன் ஆரில் குளிரைப் பிடித்து வைக்கும் பொருளை ஏசிக்குள்ளேயே வைத்தார்கள். மே மாதச் சென்னையில் பட்டனை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

ஏஜாக்ஸிலிருந்து: ஏழு மாதக் குழந்தை. கார் சூடாகும் வரை பஞ்சு வைத்த தடிமனான ஸ்னோசூட்டோடு சீட்டில் கட்டிவிடுகிறோம். சரிதானே?

இல்லை அம்மா, இதை மட்டும் உடனே மாற்றுங்கள். மோதல் நடந்தால் அந்தப் பஞ்சு அமுங்கிவிடும், வார் தளர்ந்து குழந்தை நழுவிவிடும். மெல்லிய உடுப்பை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, வாரை நேராக உடம்போடு இறுக்கிக் கட்டுங்கள். தோள் பக்கம் வாரை விரலால் கிள்ளிப் பாருங்கள், கிள்ள வரக் கூடாது. அதற்கு மேலே கம்பளியைப் போர்த்துங்கள், முகம் திறந்திருக்கட்டும். கழற்ற முடிகிற குழந்தை சீட் என்றால் ராத்திரி வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள், காலையில் குழந்தைக்குச் சில்லிடாது. குழந்தை இருக்கும்போது முதல் பத்து நிமிடம் ஸ்டார்ட்-ஸ்டாப்பை அணைத்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே சூடேறியதும் கம்பளியைத் தளர்த்த மறக்க வேண்டாம், வேர்த்துவிடும்.