மகளுக்கு எந்தச் சான்றிதழ்?

வணக்கம் ஐயா,

பி.காம். முடித்த மகள் தனியுரிமை (பிரைவசி) துறைக்குப் போக விரும்புவதாகவும், எல்லை தாண்டும் தரவுக்கான சிபிபிஆர் சான்றிதழுக்கு எங்கே சேர்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டும் முன்பே கேட்டது நல்லதாயிற்று. அந்தச் சான்றிதழ் நிறுவனங்களுக்குத் தரப்படுவது, மாணவர்களுக்கு அல்ல.

2011-இல் ஏபெக் என்ற ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகள் கொண்டுவந்த ஏற்பாடு அது. வாடிக்கையாளர் விவரங்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனம் 50 நிபந்தனைகளின்படி நடக்கிறதா என்று அங்கீகாரம் பெற்ற வெளி அமைப்பு ஒன்று சோதித்துச் சான்று தரும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் எல்லாம் இதில் உண்டு, இந்தியா இல்லை. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரிலும் 42-ஆம் பிரிவில் இதே போன்ற சான்று முறை இருக்கிறது.

அப்படியானால் இங்கே என்ன வேலை? சான்று பெற்ற நிறுவனம் தன் பணியை இன்னொரு கம்பெனியிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு அதனிடமே இருக்கும். அதனால் சென்னையில் அதன் கணக்கு வேலையைச் செய்து தரும் கம்பெனியைக் கேள்விகளால் துளைத்துவிடும். எந்த விவரம் எந்த சர்வரில் இருக்கிறது, யார் பார்க்கலாம், எப்போது அழிப்பீர்கள், ஆதாரம் எங்கே? இதற்கெல்லாம் பதில் திரட்ட ஆள் வேண்டும். வவுச்சரையும் லெட்ஜரையும் ஒப்பிட்டுப் பழகிய பி.காம். மாணவிக்கு இது அந்நியமான வேலையே அல்ல. உங்கள் மகளின் படிப்பை வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தனிநபருக்கான தேர்வுகளும் இருக்கின்றன: தனியுரிமை வல்லுநர்களின் சர்வதேசச் சங்கமான ஐஏபிபி நடத்தும் சிஐபிபி, இங்கே இந்தியத் தரவுப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்சிஐ நடத்தும் டிசிபிபி. சிஐபிபி தேர்வைப் பயிற்சி வகுப்பில் சேராமலே எழுதலாம். ஆனால் அதை வேலையில் சேர்ந்த பிறகு எழுதட்டும் என்பேன்; நிறுவனமே கட்டணம் கொடுக்கவும் வாய்ப்புண்டு.

இப்போதைக்கு அவர் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முழுசாகப் படிக்கட்டும். மொத்தமே 44 பிரிவுகள்தான், நடுவே எடுத்துக்காட்டுகளும் உண்டு. 16-ஆம் பிரிவை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள்: மத்திய அரசு தடை விதிக்கும் நாடுகளுக்குத் தரவை அனுப்பக் கூடாது என்பதே அதன் சாரம். சான்றிதழை நம்பி அனுப்பும் முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் தன் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும்.

அப்புறம், 'பிரைவசி' என்ற பெயருள்ள பதவிக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். புதியவர்களை அதில் நேரடியாக எடுப்பது குறைவு. உள்தணிக்கை, வெண்டார் ரிஸ்க் (வேலை ஒப்படைக்கப்பட்ட வெளிக் கம்பெனிகளால் வரும் ஆபத்தைச் சோதிக்கும்) பிரிவுகளுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.