வீடியோ காலில் தீருமா வீட்டுச் சண்டை?

குடும்பச் சிக்கல்களுக்கு ஆன்லைன் கவுன்சலிங் எடுப்பது பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில்.

கே: கணவர் துபாயில் வேலை. நான் திருச்சியில் மாமனார், மாமியாருடன் இருக்கிறேன். போனை எடுத்தாலே சண்டை. இருவரும் சேர்ந்து ஆன்லைனில் கவுன்சலிங் எடுக்கலாமா? வீடு சின்னது, பேசினால் வெளியே கேட்கும்.
- வாசகி, திருச்சி

ப: எடுக்கலாம். ஆளுக்கொரு நாட்டில் இருக்கும் உங்களுக்கு வேறு வழியும் குறைவு. ஆனால் இது பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் உட்காரும் இடம்தான்.

இயர்போன் போட்டால் அவர் பேசுவது வெளியே கேட்காது. நீங்கள் பேசுவது கேட்கும். மாமியார் காதில் விழுமோ என்று பாதியை விழுங்கினால் கவுன்சலருக்கும் பாதிக் கதைதான் போய்ச் சேரும். கதவுக்கு வெளியே டிவி ஓடட்டும். மொட்டை மாடி வேண்டாம், காற்று மைக்கில் இரையும். தோழி வீட்டு அறையோ நிறுத்திவைத்த காரோ பரவாயில்லை. யாராவது உள்ளே வந்துவிட்டால் சொல்ல ஒரு வார்த்தையை மூவரும் முன்கூட்டியே பேசி வையுங்கள்: “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால் பேச்சை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். நாலு பேர் தங்கும் அறையில் அவர் இருந்தால் இதெல்லாம் அவருக்கும் பொருந்தும்.

துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 8.30 என்றால் அங்கே 7. ஷிஃப்ட் முடிந்து பசியோடு வரும் நேரத்தில் வைக்காதீர்கள். அங்கே வாட்ஸ்அப் காலுக்குக் கட்டுப்பாடு உண்டு. எந்தச் செயலியில் பேசப்போகிறீர்கள் என்று கேட்டு, செஷனுக்கு முந்தின நாளே ஐந்து நிமிடம் சோதித்துப் பாருங்கள்.

ஜோடியாக என்றால் ஒரு செஷன் 60 முதல் 90 நிமிடம் வரை போகும். முதலில் இருவரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, பலர் அடுத்து ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார்கள். அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: “நான் தனியாகச் சொல்வது அவருக்குப் போகுமா?” ஒருவர் சொல்வதை மற்றவரிடம் மறைக்க மாட்டேன் என்பதைச் சிலர் விதியாகவே வைத்திருப்பார்கள். அந்த விதியில் தப்பில்லை. தெரியாமல் கொட்டிவிட்டுத் தவிப்பதுதான் சங்கடம்.

வீடியோவில் குரல் கொஞ்சம் தாமதமாகப் போகும். அந்த இடைவெளியில் இருவரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்து, “என்னைப் பேசவே விடமாட்டேங்கிறா” என்று புதிதாக ஒரு சண்டை கிளம்பும். அதனால் முறைவைத்துப் பேசவைப்பார்கள்: ஒருவர் இரண்டு நிமிடம் பேச, மற்றவர் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் சொல்லக் கூடாது. கேட்கச் சுலபம், முதல் இரண்டு முறை யாருக்கும் வராது.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிடம் இடைவெளி வேண்டும் என்கிறார் தம்பதியரின் சண்டைகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். “வை போனை” என்று வெட்டுவதை இடைவெளி என்று சொல்ல முடியாது. “அரை மணியில் நானே கூப்பிடறேன்” என்று சொல்லி, சொன்னபடி கூப்பிட வேண்டும்.

லைன் அறுந்தால் கவுன்சலர்தான் இருவரையும் திரும்ப அழைக்க வேண்டும் என்று பேசி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த ஐந்து நிமிடத்தில் நீங்களே ஒருவரையொருவர் கூப்பிட்டு மிச்சச் சண்டையை முடித்துவிடுவீர்கள்.

கே: மனைவி வர மறுக்கிறார். நான் மட்டும் போனால் பலன் உண்டா?
- வாசகர், மதுரை

ப: உண்டு. உங்கள் பக்கத்து வார்த்தையும் கோபமும் மாறினாலே சண்டையின் போக்கு மாறும். ஆனால் பல மாதம் உங்கள் பக்கத்தை மட்டும் கேட்ட கவுன்சலரிடமே பிறகு மனைவியையும் அழைத்துப் போகாதீர்கள். “அவர் உங்க ஆள்” என்றுதான் படும். ஜோடியாக என்றால் புது ஆளைப் பாருங்கள்.

கே: ஆன்லைனில் யாரை நம்புவது?
- வாசகி, கோவை

ப: மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும், 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி அதை மருந்துச்சீட்டில் காட்டவும் வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் சரிபார்க்கலாம். வெறும் ‘கவுன்சலர்’ என்று போட்டிருந்தால் என்ன படிப்பு, தம்பதியருக்கான பயிற்சியை எங்கே எடுத்தார் என்று நேராகக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொள்பவர், சேர்த்துவைக்கிறேன் என்று உத்தரவாதம் தருபவர், பத்து செஷனுக்கு மொத்தப் பணத்தை முதலிலேயே கேட்பவர் வேண்டாம்.

செலவழிக்க இயலாதவர்கள் 14416க்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி-மானஸ் சேவை. இலவசம், தமிழிலும் பேசலாம். அவசரத்துக்கும் ஆரம்ப ஆலோசனைக்கும் உதவும். வாராவாரம் ஒரே ஆளிடம் தொடரும் தம்பதியர் சிகிச்சையை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கே: கணவர் இரண்டு முறை கை நீட்டினார். என் போனையும் பார்க்கிறார். இருவரையும் ஒன்றாக உட்காரச் சொல்கிறார் கவுன்சலர். உட்காரலாமா?
- பெயர் வேண்டாம்

ப: வேண்டாம். கவுன்சலர் முன்னால் நீங்கள் உண்மையைச் சொன்னால், திரை அணைந்த பிறகு அதே வீட்டில் அவரோடுதான் இருக்க வேண்டும். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் ஆளை மாற்றுங்கள். 181 பெண்கள் உதவி எண் 24 மணி நேரமும் இயங்கும். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடமும் புகார் தரலாம். அடி விழும் நேரத்தில் 112.

அடி விழும் அவசரம் தவிர, இந்த அழைப்புகளை உங்கள் போனிலிருந்து செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியில் அவருடைய கணினி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தாலும் உடனே நீக்காதீர்கள், அதுவே அவருக்குத் தகவலாகிவிடும். நம்பிக்கையான ஒருவரின் போனைப் பயன்படுத்துங்கள். கவுன்சலிங் கட்டணத்தையும் அந்த நம்பிக்கையானவர் வழியாகவே கட்டுங்கள், வங்கிக் குறுஞ்செய்தியும் காட்டிக்கொடுக்கும்.