ரீஸ்டோர் பண்ணிட்டா எல்லாம் புதுசு தானே, விண்டேஜ் காருக்கு பழைய ஓனர் ஹிஸ்டரி எதுக்கு?

நீங்க கேட்டிருக்கிற விதத்தைப் பாத்தா கார் ஏற்கனவே புடிச்சுப்போச்சு, விக்கிறவர் நல்லா ஒரு கதை சொல்லிருக்காரு, "அதெல்லாம் பாக்காதீங்க வாங்கிப் போடுங்க"ன்னு யாராச்சும் சொல்லமாட்டாங்களான்னு காத்துட்டிருக்கீங்க. நான் சொல்லமாட்டேன். பழைய கார்ல பாடி வேலை பாக்கறவன், இந்தக் கேள்வியக் கேட்டாலே சுர்ருனு ஏறும்.

எங்க ஷெட்டுக்கு ஒரு ரோல்ஸ் ராய்ஸ் 20/25 வந்துச்சு. 1929ல இருந்து 1936 வரைக்கும் போட்ட மாடல், ஆறு சிலிண்டர். மேல திறந்த டூரர் பாடி. ஒரே குடும்பத்து கார், ஃபேக்டரில இருந்து வந்தபடியே இருக்குன்னு வித்தவர் எழுதிக் குடுத்த பேப்பரை ஓனர் பெருமையா காட்டினாரு. அங்கேயே எனக்கு சந்தேகம், ஏன்னா அப்பல்லாம் ரோல்ஸ் ராய்ஸ் ஃபேக்டரில முழு காரா செய்யவே மாட்டாங்க, சேஸிஸும் (அடிச்சட்டம்) இன்ஜினும் ரேடியேட்டரும்தான் அவங்க வேலை, பாடிய ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்ட் மாதிரி கோச்பில்டர்கிட்ட, அதாவது பாடி மட்டும் கட்டற கம்பெனிகிட்ட சொல்லித்தான் கட்டணும்.

கதவுப் பக்கம் அலுமினியத் தகட்டைக் கழட்டினதும் வெளிச்சமாயிடுச்சு. உள்ள இருக்கிற ஆஷ் மரச் சட்டத்துல, நடுத்தூண் நிக்கவேண்டிய இடத்துல, ரம்பத்தால அறுத்து மேல புட்டி போட்டு மூடியிருக்காங்க. பழைய ஓட்டைல பித்தளை ஸ்க்ரூ தலை முறிஞ்சு அப்படியே நிக்குது. டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஒரு காசு அளவுக்கு வாட்டர் பேப்பர் வெச்சு மெதுவா தேச்சேன், க்ரீம், அதுக்கு அடியில மெரூன், அதுக்கும் அடியில கறுப்புன்னு வளையம் வளையமா வருது. ரோல்ஸ் ராய்ஸ் என்தூசியஸ்ட்ஸ் கிளப்ல அந்தக் காலத்து சேஸிஸ் கார்டு, அதாவது ஒவ்வொரு காருக்கும் கம்பெனி எழுதி வெச்ச பதிவு, எல்லாம் பத்திரமா இருக்கு, அங்க இருந்து காப்பி வாங்கிப் பாத்தா முதல் ஓனர் பேரே வேற, பாடி மூடின சலூன்!

சலூனை விட டூரருக்கு நல்ல விலை போகும்னு எத்தனையோ காருக்கு இப்படி கூரை போயிருக்கு. உடனே "அப்ப டூரர் ஆக்கினது குத்தமா"ன்னு கீழ சண்டைக்கு வராதீங்க, நான் அப்படி சொல்லவே இல்ல, கூரைய வெட்டினதும் அந்தக் காரோட கதைதான், அதை மறைச்சு "ஒரிஜினல்"னு விக்கறதுதான் அயோக்கியத்தனம். எங்க ஓனர் கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தாரு, அப்புறம் டூரராவே இருக்கட்டும்னுட்டாரு. அறுத்த மரத்தை போட்டோ எடுத்து ஃபைல்ல வெச்சோம், அந்தக் காசு அளவு இடத்துல மட்டும் புது பெயின்ட் படாம நான் விட்டுட்டேன்.

பளபளன்னு இருந்தாதான் மதிப்புன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 2024ல அமெரிக்காவுல நடக்கிற பெப்பிள் பீச் கான்கூர்ஸ்ங்கிற பழைய கார் போட்டில முதல் பரிசு வாங்கினது 1934 புகாட்டி டைப் 59, ரீஸ்டோரே பண்ணாத கார். பெல்ஜியம் ராஜா மூணாம் லியோபோல்ட் கையில இருந்த வண்டி. பழைய பெயின்ட்டோட வந்து நின்னுது, ரீஸ்டோர் பண்ணாத கார் அங்க மொத்தத்துல முதல் இடம் புடிச்சது அதான் முதல் தடவை.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்லதான், இருந்தாலும் சொல்லிடறேன். ஹிஸ்டரி ஃபைல்ல பிரபு, டாக்டர், பேங்க்காரர்னு ஓனர் பேரெல்லாம் வரிசையா இருக்கும், வொயிட் மெட்டல்ங்கிற மெதுவான உலோகக் கலவையை உருக்கி பேரிங்குல ஊத்திக் கடைஞ்சு குடுத்தவன் பேரு ஒரு மூலைலயும் இருக்காது. குரோம் பூசின பில்லை கண்ண மூடிட்டு கட்டுவாங்க, மரச் சட்டத்துக்கு கூலி கேட்டா மட்டும் "வெளிய தெரியவா போகுது"ன்னு பேரம். தெரியாத இடத்துல மரம் உளுத்துப்போனா கதவு ஒழுங்கா மூடாது சார், அப்ப தெரியும்.

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். ஃபயர்வால்ல, அதாவது இன்ஜினுக்கும் உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தடுப்புல, இருக்கிற தகட்டுல சேஸிஸ் நம்பர், இன்ஜின் மேல இன்ஜின் நம்பர், ரெண்டையும் போட்டோ எடுத்து சேஸிஸ் கார்டோட ஒத்துப்பாருங்க. கார்பெட்டைத் தூக்கி அடியில பாருங்க. இன்ஜின் மாறியிருந்தா பயப்படவேண்டாம், மாத்தினதுக்கு பில் இருக்கான்னு கேளுங்க. "அட்வான்ஸ் குடுங்க, அப்புறம் நம்பர் தரேன்"னு சொன்னாருன்னா வேற வண்டி பாருங்க.