24 மதிப்பெண் எங்கிருந்து வந்தது?

ஆன்லைன் எம்.பி.ஏ.வுக்கும் தபால்வழி எம்.பி.ஏ.வுக்கும் எதற்கு மதிப்பு அதிகம்? (தேனி)

அங்கீகாரம் பெற்றவை என்றால் இரண்டும் ஒன்றுதான். நேரடிப் படிப்புக்கும் இவற்றுக்கும் வேறுபாடில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-லேயே சொல்லிவிட்டது. பணம் கட்டுமுன் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் யுஜிசி பட்டியலைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் பருவத்துக்கு உங்கள் படிப்பின் பெயரும் இருக்க வேண்டும்.

ஆன்லைனில் பி.இ. முடிக்கலாமா? (ஓசூர்)

முடியாது. பொறியியல், மருத்துவம், சட்டம் எதற்கும் அனுமதி இல்லை. 'எங்களிடம் உண்டு' என்று யாராவது சொன்னால், பட்டியலில் காட்டச் சொல்லுங்கள்.

என்பிடெல் (ஐ.ஐ.டி.கள் நடத்தும் இலவச ஆன்லைன் படிப்புத் திட்டம்) 12 வாரப் படிப்பில் அசைன்மென்டில் 24, தேர்வில் 21 வாங்கினேன். மொத்தம் 45 ஆயிற்றே, ஏன் சான்றிதழ் தரவில்லை? இதனால் என்ன பயன்? (திருநெல்வேலி)

அசைன்மென்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். சேரும்போதே படித்திருக்க வேண்டிய விதி இது.

சரி, வீட்டில் 24 வாங்கியவர் தேர்வு மையத்தில் 21-இல் நிற்பது எப்படி? எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தக் கதைதான். ஒவ்வொரு வாரமும் கெடு முடியுமுன் 'உத்தேச விடைகள்' யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்துவிடுகின்றன. பார்த்து 'பி', 'டி' என்று தட்டிவிட்டு, படித்துவிட்டோம் என்று நம்புகிறீர்கள். அவற்றில் தவறான விடைகளும் உண்டு என்பது தனிக்கதை. 12 அசைன்மென்டில் சிறந்த 8-ஐத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். நான்கு வாரம் சொதப்பினாலும் பாதகமில்லை என்று அவர்களே இடம் கொடுத்திருக்கும்போது காப்பி எதற்கு?

ஆசிரியர் கணக்கைத் திரையில் எழுதியதும் வீடியோவை நிறுத்துங்கள். தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். தவறினால் எந்த வரியில் தவறினீர்கள் என்று கண்டுபிடித்த பிறகே மேலே ஓட்டுங்கள். அரை மணி வீடியோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். அப்படிப் படித்தவரிடம் 'என்ன பயன்' என்ற கேள்வி வருவதில்லை.

இரண்டு மடங்கு வேகத்தில் பார்க்கலாமா? (கரூர்)

பார்க்கலாம். முடித்ததும் பார்த்ததை எழுதிப் பாருங்கள். பேனா நின்ற இடத்திலிருந்து பழைய வேகத்தில் மறுபடி பாருங்கள்.

ஒரே நேரத்தில் ஐந்து இலவசப் படிப்புகளில் சேர்ந்திருக்கிறேன். (மதுரை)

நான்கை விடுங்கள். இலவசமாகச் சேர்பவர்களில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டோர் படிப்பை முடிக்காமலே விட்டுவிடுகிறார்கள். மீதமுள்ள ஒன்றுக்குத் தேர்வுக் கட்டணத்தை இன்றே கட்டுங்கள். பணம் போட்டவர்கள் முடிக்கும் விகிதம் பல மடங்கு அதிகம்.

நல்ல கோர்ஸ் ஒன்று சொல்லுங்கள். (ஊர் இல்லை)

படிப்பு என்ன, வேலை என்ன, எதற்காகப் படிக்கிறீர்கள்? எதையும் எழுதவில்லை. எழுதுங்கள், சொல்கிறேன். அதுவரை யுஜிசி பட்டியலைப் பார்க்காமல் பட்டப்படிப்பு என்று யாருக்கும் பணம் கட்டிவிடாதீர்கள்.